செத்த மரம் சும்மா கிடக்கிறதா? யார் சொன்னது!

ஓசூர் சிப்காட்டில் லாரியில் ஏறும் மரப் பேலட்டை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை, பக்கத்தில் ‘ஹெச்.டி.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேற்றி, 30 நிமிடம் அப்படியே வைத்திருந்தார்கள் என்று அதற்குப் பொருள். மரத்துக்குள் ஒளிந்து கப்பலேறும் வண்டுகளையும் நூற்புழுக்களையும் கொல்ல 2002இல் வந்த உலக விதி இது. முத்திரை இல்லாத பெட்டி அயல்நாட்டுத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும்!

அந்த 56 டிகிரியைக் கேட்டால் சிரிக்கிற ஆசாமிகள் காட்டுச் சருகில் இருக்கிறார்கள், தெரியுமா? சென்னையின் பூஞ்சை ஆய்வாளர் டி.எஸ்.சூரியநாராயணனும் குழுவினரும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சருகு பொறுக்கி வந்து சோதித்தார்கள். சில பூஞ்சைகளின் வித்துகள் 100 டிகிரிக்கும் மேலான உலர் சூட்டில் இரண்டு மணி நேரம் கிடந்தும் சாகவில்லை. எடுத்து வைத்தால் முளைக்கின்றன! 2011இல் வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த பெயர், ‘அக்னியின் பூஞ்சைகள்’.

அதற்காக ஓசூர் பக்கத்து ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் கோடையில் தீ வைத்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். தீ தாங்குபவை ஒரு சில பூஞ்சைகள்தான். மற்றவற்றுக்குச் சோறு போடும் கட்டையும் சருகும் ஆண்டுதோறும் சாம்பலானால் அவை எதைத் தின்னும்? வனத்துறை வெட்டிவைக்கும் தீத்தடுப்புக் கோடு மரத்தையும் மானையும் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் காக்கிறது.

செத்த மரத்தைத் தொடாதே என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பது தெரியுமா? 2000 பிப்ரவரி 14 அன்று வந்த உத்தரவு அது. தேசியப் பூங்கா, சரணாலயம் எதிலிருந்தும் செத்த மரம், சாகிற மரம், காற்றில் விழுந்த மரம், புல் எதையும் அகற்றக் கூடாது. 2014இல் ஓசூர் பக்கத்துக் காட்டில் 504 சதுர கிலோமீட்டர் ‘காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம்’ ஆனது. அன்று முதல் அங்கே விழுந்து கிடக்கும் வெக்காலி மரத்தையும் இந்த உத்தரவு காக்கிறது. நீதிபதிகள் பூஞ்சையை நினைத்து எழுதியிருப்பார்களா? சந்தேகம்தான். ஆனால் பெரிய லாபம் பூஞ்சைக்கு!

அப்படிக் கிடக்கும் கட்டை ஒன்றை விரலால் நிமிண்டிப் பாருங்கள். ஒரு கட்டை வெள்ளையாக, நனைந்த பஞ்சுபோல நார் நாராகப் பிரியும். இன்னொன்று பழுப்பேறி, காய்ந்த ஏரிமண் போலச் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். வெளுத்த கட்டையில் பூஞ்சை லிக்னினையும் தின்றுவிட்டது. மரத்துக்கு உறுதி தரும் அந்தப் பொருளை முழுதாகச் சிதைக்கும் வித்தை தெரிந்த உயிர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. பழுப்புக் கட்டையில் லிக்னினை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றிருக்கிறது. குழந்தை உப்புமாவில் மிளகாயை ஒதுக்குகிற மாதிரி!

இதன் அருமையைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு பின்லாந்து. விழுந்த மரத்தையெல்லாம் ‘சுத்தம்’ செய்து காட்டைத் தோட்டம்போல வைத்திருந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால், அந்நாட்டுக் காட்டுயிர் வகைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று செத்த மரத்தை நம்பி வாழ்பவை! இப்போது வெட்டும்போதே சில மரங்களை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.

தென்னந்தோப்பில் மட்டும் கதை தலைகீழ். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சையில் தலைகாட்டிய ‘தஞ்சாவூர் வாடல் நோய்’க்குக் காரணமும் கட்டைப் பூஞ்சைதான், கானோடெர்மா. அங்கே செத்த தென்னையைத் தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் பக்கத்து மரமும் போய்விடும். தோப்பில் எடு, காட்டில் விடு. இரண்டையும் ஒரே சட்டத்தில் அடைக்க முடியாது.

மண்ணுக்குள் வாருங்கள். பன்னேர்கட்டா பக்கத்து ஜாலாரி மரம் பூஞ்சையைத் தன் வேர்நுனியில் உறைபோலப் போர்த்திக்கொள்ளும். மரம் சர்க்கரை தரும். பூஞ்சை தண்ணீரும் பாஸ்பரசும் கொண்டுவரும். இந்தக் கூட்டுக்கு 1885இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியர் ஃபிராங்க். அவர் தேடிப் போனது என்னவோ விலையுயர்ந்த டிரஃபிள் காளானை வளர்க்க ஒரு வழி! மரங்களை மொட்டையாக வெட்டினால் சர்க்கரை நின்றுபோகும், கூட்டாளியும் பட்டினி. சில தாய்மரங்களை விட்டால் அவற்றின் வேரில் ஒட்டிப் பிழைத்திருக்கும்.

நீலகிரி மரம் (தைலமரம்) ஆஸ்திரேலியாவிலிருந்து தனியாக வரவில்லை என்பது தெரியுமா? அதன் வேர்க் கூட்டாளியான லக்காரியா காளானும் உதகை மலையில் அதன் அடியில் குடியேறியிருக்கிறது.

கடைசியாக, முதல் மழைக்கு முளைக்கும் புற்றுக்காளான். அதைப் பயிரிடுவது கரையான்! மென்ற மரத்தூளில் பாத்தி கட்டி, பல லட்சம் தலைமுறைகளாக விவசாயம் செய்கிறது. சிப்பிக்காளான்போல அதைக் குடிலில் வளர்த்து விற்க மனிதனுக்கு இன்னும் கைகூடவில்லை. ஆகவே, அடையாளம் தெரிந்தவர் சொன்னால் மட்டும் குடையைப் பறியுங்கள். கடப்பாரையால் புற்றை இடிக்காதீர்கள். கரையான் போனால் காளானும் போச்சு.