சென்னை ஐ.ஐ.டி. விடுதிக்கு நம்ம தாமிரபரணி பெயர்! ஏழைப் பிள்ளைகளும் படிக்கலாம்

நெல்லை:

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் பெயர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது. அங்கே மாணவர் விடுதிகளுக்கு கங்கா, காவேரி, கோதாவரி என ஆறுகளின் பெயரைத்தான் வைத்துள்ளனர். அதில் ஒன்று தாமிரபரணி.

மேற்கு ஜெர்மனி உதவியுடன் 1959-ல் தொடங்கப்பட்டது இந்தக் கல்வி நிறுவனம். கிண்டி காட்டையொட்டி சுமார் 600 ஏக்கர் பரப்பு. புள்ளிமானும் வெளிமானும் சாலையோரமே மேயும். ஆஸ்பத்திரி, நூலகம், நீச்சல் குளம், ஊழியர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே உண்டு. மாணவர்கள் பைக் ஓட்ட அனுமதி கிடையாது. சைக்கிள், இல்லாவிட்டால் வளாக பஸ்தான்.

"அதெல்லாம் பணக்காரங்க படிக்கிற இடம்" என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அது சரியல்ல. பி.டெக். கல்விக் கட்டணம் 2016 முதல் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமலே முழு தள்ளுபடி உண்டு. விடுதி, சாப்பாட்டுச் செலவு தனி.

நிஜமான தடை நுழைவுத்தேர்வுதான். முதல் கட்டமான ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. எனவே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கணக்கு, இயற்பியல், வேதியியல் பாடங்களின் ஆங்கிலச் சொற்களை பிளஸ்-1 முதலே சேர்த்துப் படிப்பது நல்லது.