பழைய புல்டோசர் வாங்கப் போகிறீர்களா? முதலைப் போடுமுன் ஒரு வார்த்தை

கடையில் நாலு காசு மிஞ்சினால் அதை இன்னொரு தொழிலில் போட்டுப் பார்ப்பது நம் வணிகர்களின் வழக்கம். ஒரு காலத்தில் மனை வாங்கினோம், பின்பு சரக்கு வேன் வாங்கி வாடகைக்கு விட்டோம். இப்போது நம் தென்சென்னைப் புறநகரில் மண்வாரி இயந்திரத்தின் மேல் பலருக்குக் கண் விழுந்திருக்கிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. படப்பை, ஒரகடம் பக்கம் மனைப்பிரிவுகள் போட்டபடி இருக்கிறார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பின் அந்தப் பக்கமும் சூடு பிடித்திருக்கிறது. மண்ணைத் தள்ளிச் சமன் செய்யும் இயந்திரத்துக்கு வேலை இருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

பொழிச்சலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்தார். "அண்ணாச்சி, பழைய டோசர் ஒண்ணு பதினெட்டு லட்சத்துக்கு வருது. வீட்டு நகையை வச்சு, கடை மேல கொஞ்சம் கடன் வாங்கினா முடிச்சிடலாம். இருபத்தஞ்சாயிரம் டோக்கன் குடுத்திட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். டோக்கன் கொடுத்த பிறகுதான் யோசனை கேட்க வந்திருக்கிறார். நம்மில் பலர் செய்வதும் இதுதான். அவருக்காக விசாரித்தும் நேரில் போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறோம்.

எது டோசர், எது ஜேசிபி?

எந்த வனஸ்பதியையும் நாம் டால்டா என்று சொல்லிப் பழகியதுபோல, மண் தோண்டும் மஞ்சள் வண்டி எதுவானாலும் ஜேசிபி என்கிறோம். ஜேசிபி என்பது ஒரு கம்பெனியின் பெயர். நாம் அப்படி அழைப்பது முன்னால் வாரியும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட ரப்பர் டயர் வண்டியை. பொக்லைன் என்பதும் கம்பெனிப் பெயர்தான். ஒரே நீளக் கையால் தோண்டும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புல்டோசர் இவை இரண்டும் அல்ல. முன்னால் அகலமான பிளேடும் கீழே இரும்புச் செயினும் உள்ளது அது. தோண்டி லாரியில் ஏற்றுவது அதன் வேலையல்ல; மண்ணைத் தள்ளிப் பரப்புவதே அதன் வேலை.

நம் நாட்டில் 1964-ல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் கோலார் தங்கவயலில் உள்ள தொழிற்சாலையில் டோசர்களைச் செய்கிறது. சந்தையில் வரும் பழைய டோசர்களில் அந்த நிறுவனத்தின் டி-50, டி-80 வகைகளைப் பார்க்கலாம்.

இந்த வித்தியாசத்தில்தான் முதல் கணக்கு இருக்கிறது. ஜேசிபி தானாகவே சாலையில் ஓடி வேலைக்குப் போய்விடும். டோசரோ செயினில் நகர்வது; தார்ச்சாலையில் விட்டால் சாலையும் கெடும், செயினும் கெடும். ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் தெருக்களில் அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனையைச் சமன் செய்ய யாரும் டோசரைக் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தெருவுக்குள் டிரெய்லர் திரும்பாது. டோசருக்கு ஏக்கர் கணக்கில் வேலை வேண்டும். அந்த வேலை பெரிய ஒப்பந்தக்காரர்கள் கையில் இருக்கிறது. அவர்களில் இரண்டு பேராவது "வாங்குங்கள், இத்தனை நாள் வேலை தருகிறோம்" என்று சொல்லாமல் இயந்திரம் வாங்குவது, வாடிக்கை இல்லாத தெருவில் கடை திறப்பதற்குச் சமம்.

சொத்துக்குச் சாட்சி என்ன?

வேன் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் அதிலேயே பதிந்திருக்கும். ரப்பர் டயரில் ஓடும் ஜேசிபிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவு உண்டு. செயினில் ஓடும் டோசருக்குப் பொதுவாக இந்தப் புத்தகமே கிடையாது. அப்படியானால் விற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கு அத்தாட்சி என்ன? கம்பெனி கொடுத்த முதல் பில், அதற்குப் பின் கை மாறிய ஒவ்வொரு முறைக்குமான பில், கடன் வாங்கியிருந்தால் அது தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று ஆகிய மூன்றும்தான். பில்லில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் இயந்திரத்தில் அடித்திருக்கும் எண்ணோடு நீங்களே துடைத்துப் பார்த்து ஒப்பிடுங்கள். எண் தகடு புதிதாக ரிவெட் அடித்ததுபோல் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் முறையான பில் கேட்டு வாங்குங்கள். வரவு எடுக்க முடியுமா என்பதை உங்கள் ஆடிட்டர் சொல்வார்.

அரசுத்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் கழித்துவிட்ட இயந்திரங்கள் எம்.எஸ்.டி.சி. மூலம் மின்னணு ஏலத்தில் வருகின்றன. காகிதம் சுத்தமாக இருக்கும். ஆனால் "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்பதே அங்கே நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல இடமில்லை. ஏலத்துக்கு முன் பார்வையிடத் தரும் நாளைத் தவற விடாதீர்கள்.

பெயின்டைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

மூட்டைப் பருப்பை மேலாகப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. குத்தூசி போட்டு அடிச்சரக்கைப் பார்க்கிறோம். டோசரிலும் அடியைத்தான் பார்க்க வேண்டும். அதன் ஆயுள் முழுவதும் ஆகும் பராமரிப்புச் செலவில் ஏறக்குறையப் பாதி, செயினும் அது ஓடும் உருளைகளும் சேர்ந்த அண்டர்கேரேஜுக்கே போகும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் பற்கள் ஊசிபோல் கூர்ந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். ரோலர்களில் எண்ணெய்க் கசிவு, பின்-புஷ் தேய்மானம், செயின் தொய்வு ஆகியவற்றையும் பாருங்கள். செயினை இறுக்கிவிட்டுத் தொய்வை மறைப்பதும் உண்டு. அளவு எடுத்துச் சொல்லக்கூடிய மெக்கானிக் உடன் இருக்க வேண்டும். அவர் விற்பவர் அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது.

என்ஜினை நீங்கள் போகுமுன்பே ஓடவிட்டு வைத்திருந்தால் ஆற விடச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் உண்மை தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிளேடைத் தூக்கி என்ஜினை நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்திலேயே அது இறங்கிவிட்டால் ஹைட்ராலிக்கில் கோளாறு. மண் குவியலில் முட்டித் தள்ளச் சொல்லி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். ஃபைனல் டிரைவின் அடி ஆயிலில் இரும்புத் துகள் மின்னினால் பெரிய செலவு காத்திருக்கிறது. மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதை மாற்றுவது கடினமல்ல.

வரவு செலவு

கணக்குக்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். இயந்திரம் 18 லட்சம், உடனடி ரிப்பேர் 4 லட்சம், ஆக 22 லட்சம். ஆண்டு வட்டி 18 சதவீதம் என்றால் மாதம் 33,000 ரூபாய். ஆபரேட்டர், ஹெல்பர் சம்பளம் 45,000. இன்ஷூரன்ஸ், நிறுத்தும் இடம் 7,000. ஐந்து ஆண்டு கழித்து 10 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் மாதம் 20,000. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 1,05,000 ரூபாய் போய்விடும்.

டீசலும் தேய்மானப் பாகங்களும் மணிக்கு 2,200 ரூபாய் என்றும், வாடகை மணிக்கு 3,200 என்றும் வைத்தால் கையில் நிற்பது மணிக்கு 1,000. அப்படியானால் மாதம் 105 மணி ஓடினால்தான் முதலுக்கு மோசமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று மாதம் நின்றுவிட்டால் மீதி ஒன்பது மாதமும் மாதத்துக்கு 140 மணி, அதாவது எட்டு மணி வீதம் பதினேழரை நாள் ஓட வேண்டும். அதற்கு மேல் ஓடுவதே லாபம். உங்கள் பகுதி வாடகையையும் டீசல் விலையையும் போட்டு இதே கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ராத்திரி வேலைக்கு அனுப்பாதீர்கள்

இரட்டை வாடகை தருகிறேன், இரவோடு இரவாக மண்ணைத் தள்ளிக் கொடு என்று சிலர் வருவார்கள். அனுமதியின்றி மண் எடுத்தால் 1957-ம் ஆண்டு கனிமச் சட்டப்படி இயந்திரத்தையே பறிமுதல் செய்யலாம். கடன் வாங்கிய இயந்திரம் காவல் நிலையத்தில் நிற்கும், வட்டி மட்டும் ஓடும். ஏரி, கால்வாயைத் தூர்ப்பதற்குப் போவது அதைவிடப் பாவம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் அனகாபுத்தூரிலும் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் பார்த்தவர்கள். தண்ணீர் போகும் வழியை நம் இயந்திரம் அடைத்தால் அடுத்த முறை நனைவது நம் கடை மூட்டைகள்தான். வேலை தருபவரிடம் அனுமதி நகல் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

நம் உறுப்பினர் கதைக்கு வருவோம். அவரோடு போய்ப் பார்த்தபோது பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்ப்ராக்கெட் பற்களோ கூர்ந்திருந்தன. முதல் பில்லைக் கேட்டதற்கு "அடுத்த வாரம் வரும்" என்றார்கள். அடுத்த வாரமும் வரவில்லை. டோக்கனில் பத்தாயிரம்தான் திரும்பக் கிடைத்தது. பதினைந்தாயிரம் போனதில் அவருக்கு வருத்தம்தான். "நகை வீட்டுல இருக்கு அண்ணாச்சி, அது போதும்" என்றார்.

இப்போது அவர் ஆறு மாதத்துக்கு ஒரு ஜேசிபியை மாத வாடகைக்கு எடுத்து, வேலை எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் ஓடிய மணியை மளிகைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறார். ஆறு மாதக் கணக்கு அவர் கைக்கு வந்த பிறகு, வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும். இத்தொழிலில் இறங்க நினைக்கும் மற்ற உறுப்பினர்களும் இவ்வழியைப் பின்பற்றலாம் என்பது நம் கருத்து.