செட்டர் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளின் கேட்டில் 'ஆட்கள் தேவை' பலகை இன்னும் தொங்குகிறது. டர்னர், ஃபிட்டர், சி.என்.சி. ஆபரேட்டர், வி.எம்.சி. செட்டர். உள்ளே ஹெச்.ஆர். இதே விளம்பரத்தை வேலைத் தளத்திலும் போட்டிருப்பார். பயோடேட்டா குவியும், ஆள் அகப்படாது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஐ.டி.ஐ. முடித்த பையன்களோ, எத்தனையோ இடத்துக்கு 'அப்ளை' தட்டியும் ஒரு போன் வரவில்லை என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். சிக்கல் நடுவில் இருக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த தலைமுறைக்குப் பதிவு மூப்பு என்றால் தெரியும். முன்னால் பதிந்தவர் முன்னால். வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. 1997இல் வந்த நௌக்ரி போன்ற தளங்களில் அந்தக் கணக்கு கிடையாது. நிறுவனம் ஒவ்வொரு முறை தேடும்போதும் வரிசை புதிதாகப் பிறக்கிறது. தேடிய சொற்களோடு எந்த பயோடேட்டா அதிகம் ஒத்துப்போகிறதோ அது மேலே வரும்.

ஒத்துப்போவதை எப்படி அளப்பது? இதற்கான அடிப்படை யோசனையை 1972இல் கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் கொடுத்தார். எல்லா ஆவணத்திலும் இருக்கும் சொல்லுக்கு மதிப்பில்லை. அரிதான சொல்லுக்கே மதிப்பு. மொத்த ஆவணங்களின் எண்ணிக்கையை அந்தச் சொல் உள்ள ஆவணங்களின் எண்ணிக்கையால் வகுத்து மடக்கை எடுத்தால் அதுதான் அந்தச் சொல்லின் எடை. ஒரு தளத்தில் 1,00,000 பயோடேட்டா இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கடின உழைப்பாளி' என்று 90,000 பேர் எழுதியிருந்தால் அதன் எடை 0.05கூட வராது. 'வி.எம்.சி. செட்டர்' என்று 500 பேர் எழுதியிருந்தால் எடை 2.3. ஐம்பது மடங்கு! 'நேர்மையானவன், குழுவாகப் பணியாற்றுவேன்' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு, எந்த மெஷினில் எந்தக் கன்ட்ரோலில் வேலை பார்த்தோம் என்பதை விட்டுவிடுகிறவரின் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். எழுத்துணரி இல்லாத இயந்திரத்துக்கு அது வெறும் படம், அதில் ஒரு சொல்கூட இல்லை.

இப்போதைய தளங்கள் சொல்லைச் சொல்லாக மட்டும் பார்ப்பதில்லை. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்2வெக் போன்ற முறைகள், பக்கத்தில் எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்பதை வைத்து ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக்குகின்றன. 'டர்னர்', 'லேத் ஆபரேட்டர்' இரண்டும் நெருங்கிய உறவு என்று இயந்திரம் தானே கண்டுகொள்ளும். ஆனால் அது கற்பது எழுதப்பட்டதிலிருந்துதான். மென்பொருள் வேலையைப் பற்றி இணையத்தில் மலைமலையாக எழுதிக் கிடக்கிறது. பட்டறைத் தளத்தின் பேச்சை யார் எழுதிவைத்தார்கள்?

ஊர்ப்பெயர் தனிக் கூத்து. 1965இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதையே தூரமாகக் கொண்டார். ஆங்கிலத்தில் அம்பத்தூருக்கு இரண்டு 'டி' போடுகிறவருக்கும் 'டிஹெச்' போடுகிறவருக்கும் தூரம் ஒன்றுதான், இயந்திரம் சமாளித்துவிடும். பூந்தமல்லியை ஒருவர் 'பூனமல்லி' என்பார், இன்னொருவர் 'பூவிருந்தவல்லி' என்பார். அங்கே எழுத்துத் தூரம் உதவாது, இரண்டும் ஓர் ஊர் என்று யாராவது பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். அஞ்சல் குறியீடு பாதுகாப்பானது: ஆவடி 600054, பூந்தமல்லி 600056. ஆட்களின் பெயரிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லை, படிவமோ விடாது. அங்கே அப்பா பெயரைப் போட்டால், நேர்காணலுக்கு அழைக்கும் மின்னஞ்சல் அப்பாவை வணங்கித் தொடங்கும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய கோளாறுகள். என் கணிப்பில் பெரிய சிக்கல் வேறு: விண்ணப்பிப்பது இலவசம் என்பது. செலவில்லாததால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். நிறுவனம் திணறி வடிகட்டியை இறுக்குகிறது. அழைப்பு குறைய, பையன் இன்னும் இருபது இடத்தில் தட்டுகிறான். வடிகட்டி இன்னும் இறுகுகிறது. உண்மையிலேயே இந்தப் பட்டறைக்கு வர விரும்புகிறவன் யார் என்ற தகவல் இந்தச் சுழலில் தொலைந்துபோகிறது.

பொருளாதார அறிஞர்களே இதில் மாட்டியவர்கள். அமெரிக்காவில் பேராசிரியர் வேலைக்கு ஒவ்வொருவரும் கணக்கில்லாமல் விண்ணப்பம் அனுப்பியதால், அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2006இல் ஒரு வழி செய்தது. எத்தனை விண்ணப்பம் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் 'உங்களிடம் எனக்குத் தனி விருப்பம்' என்ற சமிக்ஞையை இரண்டே இடத்துக்குத்தான் சங்கத்தின் மூலம் அனுப்ப முடியும். பொருத்தச் சந்தைகள் பற்றிய ஆய்வுக்காக 2012இல் நோபல் பரிசு பகிர்ந்த ஆல்வின் ராத் இந்த ஏற்பாட்டில் முக்கியப் பங்காற்றினார். இரண்டுக்கு மேல் கிடையாது என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை. ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கும் இதையேதான் சொல்கிறது.

தொழிற்பேட்டையில் அந்த இரண்டு சமிக்ஞையின் வேலையை இப்போது செய்வது, உள்ளே ஷிப்ட் பார்க்கும் அண்ணன் ஒருவர் சூப்பர்வைசர் காதில் போடும் பெயர். அவர் மாதம் பத்துப் பேரைச் சொல்ல மாட்டார். சொன்னால், பதினோராவது பையனுக்கு அவர் பேச்சு எடுபடாது.