பவல் ஏரி: செந்நிறப் பாறைகளில் அந்த வெள்ளைப் பட்டை ஏன்?

செந்நிறப் பாறைச் சுவர்கள், நடுவே நீலத் தண்ணீர், அதில் மிதக்கும் படகு வீடுகள்... அமெரிக்காவின் பவல் ஏரியை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை பார்க்கும்போது பாறைகளின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கவனிங்க. ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். ஏரியின் உண்மைக் கதை அதில்தான் இருக்கு.

பாலைவனத்தில் ஏரி வந்தது எப்படி?

இது இயற்கை ஏரி இல்லை. அரிசோனாவில், யூட்டா எல்லைக்கு அருகே கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட 216 மீட்டர் உயர கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கம். 1963-ல் தண்ணீர் தேங்கத் தொடங்கி, முழுசா நிரம்ப 1980 ஆகிவிட்டது. கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததால், நிரம்பிய ஏரியின் கரை மட்டுமே 3,000 கி.மீ.க்கு மேல் நீளும்!

1869-ல் படகில் இந்த ஆற்றை ஆராய்ந்தவர் ஜான் வெஸ்லி பவல். கிளென் கேன்யன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பள்ளத்தாக்குதான் அவர் பெயரிலான ஏரிக்குள் மூழ்கியது.

வெள்ளைப் பட்டை என்ன?

வீட்டு பக்கெட்டில் உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைக் கறை மாதிரிதான். தண்ணீரில் இருந்த கால்சியம் கார்பனேட் பாறையில் படிந்திருக்கிறது. ஏரி நிரம்பினால் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 தொடக்கத்தில் அதைவிட சுமார் 180 அடி கீழே போனது. கிட்டத்தட்ட 18 மாடி உயரம்!

தண்ணீர் எங்கே போச்சு?

சிக்கல் கணக்கிலேயே இருக்கு. 1922 ஒப்பந்தம், ஆற்றின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி மாகாணங்களுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி ஒதுக்கியது. 1944-ல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். மொத்தம் 1.65 கோடி. (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி.) ஆனால், அன்று கணக்குக்கு எடுத்தது வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகளை. 2000-க்குப் பிறகு ஆற்றின் இயற்கை நீர்வரத்து ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 1.25 கோடிதான். வெப்பம் கூடுவதால், ராக்கி மலைப் பனி உருகி வரும் நீரில் ஒரு பகுதி ஆற்றைச் சேரும் முன்பே ஆவியாகிறது. வறண்ட மண்ணும் உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னும் குறைந்தால்?

3,490 அடிக்குக் கீழே போனால் மின் உற்பத்தி நின்றுவிடும். 3,370 அடிக்கு இறங்கினால் அணையிலிருந்து தண்ணீரே வெளியேறாது. கீழே இருப்பது கிராண்ட் கேன்யன், அதையடுத்து லாஸ் வேகாஸுக்குக் குடிநீர் தரும் மீட் ஏரி. கொலராடோ ஆற்றை நம்பியிருப்பவர்கள் மொத்தம் சுமார் 4 கோடி பேர்.

பள்ளத்தாக்குக்கு லாபமா?

ஒருவகையில் ஆமாம். மூழ்கியிருந்த பாறை வளைவுகளும் 'பாலைவனத் தேவாலயம்' எனப்படும் குகை போன்ற அரங்கமும் வெளியே தெரிந்தன. கிளைப் பள்ளத்தாக்குகளில் ஓடைகள் ஓடி, மரங்கள் முளைத்தன. மீட் ஏரியை முதலில் நிரப்பிவிட்டு, பவல் ஏரியை வடிய விடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஏரிகளை இயக்க 2007-ல் வகுத்த விதிகள் 2026 வரைக்குமானவை. அதன்பின் யார் பங்கை எவ்வளவு குறைப்பது என்பதுதான் ஏழு மாகாணங்களின் சண்டை. 1922-ல் பங்கு போட்டது இருந்த தண்ணீரை அல்ல, இருக்கும் என்று நம்பிய தண்ணீரை. இனி பங்கு போட வேண்டியது பற்றாக்குறையை.