ஓவனுக்குள் ஒரு வார்னிஷ்

கேக் சுட்ட தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புப் போட்டுத் துலக்கியதும் போய்விடுகிறது. ஆனால் ஓவனின் உட்சுவரிலும் அதன் கம்பித் தட்டுகளிலும் நாள்பட்டுப் படிந்த பழுப்புக் கறை எவ்வளவு தேய்த்தாலும் அசைவதில்லை. இரண்டும் எண்ணெய்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

அந்தக் கறை இப்போது எண்ணெயே அல்ல என்பதுதான் விடை.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரால் பகுதியும், அதனுடன் இணைந்த மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகளும் உள்ளன. கொழுப்புகளின் இந்த அமைப்புக்கு அடிகோலிய ஆராய்ச்சி நூலை, பிரெஞ்சு வேதியியலார் மிஷேல் செவ்ரல் 1823-இல் வெளியிட்டார். (102 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அவர்!) சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றின் சங்கிலிகளில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அவ்விடங்களை ஒட்டித் தாக்குகிறது. அப்போது பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கொண்டு, பெரியதொரு வலையாகிவிடுகின்றன. இதற்குப் பல்படியாதல் என்று பெயர்.

புதுக் கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி உலர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை, வலையாகி இறுகுகிறது. நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேலைதான். எண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றும்போது உண்டாகும் கருநிறப் படலமே தோசையை ஒட்டாமல் எழுப்பித் தருகிறது. கல்லில் நாம் விரும்பி வளர்க்கும் பொருளை ஓவனில் சுரண்டி எடுக்கப் பாடுபடுகிறோம்!

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு தகர மூடிகளை எடுத்து, ஒன்றில் சூரியகாந்தி எண்ணெயையும் மற்றதில் தேங்காய் எண்ணெயையும் மிக மெல்லியதாகத் தடவி, வெயில் படும் சன்னலில் சில வாரம் வையுங்கள். முதலாவது பிசின்போல் ஒட்டத் தொடங்கும். இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவான தேங்காய் எண்ணெயோ எண்ணெயாகவே இருக்கும்.

சோப்பு செய்வதெல்லாம், எண்ணெயைச் சிறு துளிகளாக்கி நீரோடு அனுப்புவதுதான். வலையாக இறுகியதைத் துளிகளாக்க முடியாது. எனவே இரண்டே வழிகள்: வலையை அறுக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும்.

அறுக்கும் வேலையைக் காரங்கள் செய்கின்றன. கிளிசராலும் கொழுப்பு அமிலமும் சேரும் இணைப்புகள் வலைக்குள் இன்னும் இருக்கின்றன. காரம் அவற்றை வெட்டும்போது சோப்பு உண்டாகிறது. அதாவது, கறையின் ஒரு பகுதியே சோப்பாகி நீரில் கரைகிறது! கடையில் விற்கும் கடுமையான ஓவன் துப்புரவுத் திரவங்கள் பலவற்றில் எரிசோடா இருப்பது இதற்காகவே. சலவைச் சோடா அதைவிட மென்மையான காரம். ஆப்ப சோடா இன்னும் மென்மையானது. ஆகவேதான் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, ஓர் இரவு விட்டுவைக்கச் சொல்கிறார்கள்.

அதன்மேல் வினிகரை ஊற்றிப் பொங்க வைப்பதும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்கின்றன. சோடாவைத் துடைத்தெடுத்த பிறகு, எஞ்சிய வெள்ளைத் திட்டைப் போக்க மட்டும் வினிகரைப் பயன்படுத்தினால் போதும்.

எரிசோடா கொழுப்பை மட்டுமா அரிக்கும்? தோலையும் கண்ணையும் அரிக்கும். பார்வையே போய்விடக் கூடும். எனவே அது பெரியவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டிய வேலை. அலுமினியத்தையும் அது கரைத்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்கள் சிலவற்றின் உட்சுவர் அலுமினியம் பூசிய எஃகு. அதில் எரிசோடாவைத் தெளித்தால் கறையோடு பூச்சும் போகும். கம்பித் தட்டில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு வகை. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம் (எவர்சில்வரில் சில வகைகளும் ஒட்டா). ஐயமிருந்தால் சாதாரண சோப்பு நீரே நல்லது. மின் கம்பிச் சுருளின்மேல் எதையும் தெளிக்கக் கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இரண்டாவது வழி நெருப்பு. 1963-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும் ஓவனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை ஓவன்களில் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே வெப்பநிலை ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸை எட்டும். வலை முழுதும் சிதைந்து எரிந்துபோக, மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் குரோமியம் பூசிய கம்பித் தட்டுகளை முன்னதாகவே வெளியே எடுத்துவிட வேண்டும். அவ்வெப்பத்தில் அவற்றின் பளபளப்புப் போய்விடும். டெஃப்லான் பூசிய பாத்திரம் எதுவும் உள்ளே இருக்கவே கூடாது. அளவுமீறிச் சூடான டெஃப்லானின் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். ஓவன் இப்படி எரியும்போது சன்னல்களைத் திறந்துவைத்து, கிளிக் கூண்டு இருந்தால் அதைச் சமையலறைக்கு வெகு தொலைவில் வைக்க வேண்டும்.