லத்தீனோ விமர்சனக் கோட்பாடு

லத்தீனோ விமர்சனக் கோட்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எதிர்கொள்ளும் இனப்பாகுபாட்டைச் சட்டம், மொழி, குடியேற்றம் ஆகியவற்றோடு இணைத்து ஆராயும் கல்விப்புலப் பார்வையாகும். இது விமர்சன இனக் கோட்பாட்டிலிருந்து கிளைத்தது. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய நாடுகளையும் பகுதிகளையும் பூர்வீகமாகக் கொண்டவர்களை 'லத்தீனோ' என்ற சொல் குறிக்கிறது.

தோற்றம்

இனவெறி தனிமனிதரின் வெறுப்போடு முடிந்துவிடுவதில்லை. சட்டத்திலும் நிறுவனங்களின் அன்றாட நடைமுறைகளிலும் அது ஊறியிருக்கிறது என்பது விமர்சன இனக் கோட்பாட்டின் அடிப்படைக் கருத்து. டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா, ரிச்சர்ட் டெல்காடோ ஆகியோர் இதன் முக்கிய அறிஞர்கள். ஆனால் அமெரிக்காவில் இனம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கறுப்பர், வெள்ளையர் என்ற இரு பிரிவுகளுக்குள்ளேயே நின்றது. இந்த இருமைப் பார்வை லத்தீனோக்களின் அனுபவத்தை மறைத்துவிடுகிறது என்று சட்ட அறிஞர் ஹுவான் பெரியா வாதிட்டார். 1995இல் புவேர்ட்டோ ரிக்கோவில் கூடிய சட்ட அறிஞர்களிடையே இக்கோட்பாட்டின் பெயர் உருவானது. முதல் ஆண்டு மாநாடு 1996இல் கலிஃபோர்னியாவில் நடைபெற்றது.

காகிதத்தில் வெள்ளையர்

1790ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரில் வெள்ளையர் மட்டுமே அமெரிக்கக் குடியுரிமை பெற முடிந்தது. 1848இல் மெக்சிகோவுடனான போர் முடிந்தபோது, கைப்பற்றப்பட்ட நிலங்களில் தங்கிவிட்ட மெக்சிகோ மக்கள் குடியுரிமை பெற ஒப்பந்தம் வழிசெய்தது. இதனால் அவர்கள் சட்டத்தின் பார்வையில் 'வெள்ளையர்' ஆயினர். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'மெக்சிகன்' என்பதைத் தனி இனமாகப் பதிவுசெய்தது. எதிர்ப்புக்குப் பின் 1940இல் மீண்டும் 'வெள்ளையர்' ஆக்கியது. ஆயினும் பள்ளி, உணவகம், வேலை ஆகியவற்றில் அவர்கள் ஒதுக்கப்பட்டே வந்தனர்.

ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் (1954)

இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும் வழக்கு இது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பீட் ஹெர்னாண்டஸ் என்ற தொழிலாளிக்கு டெக்சாஸின் ஜாக்சன் மாவட்டத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த மாவட்ட மக்களில் சுமார் 14 விழுக்காட்டினர் மெக்சிகோ அல்லது லத்தீன் அமெரிக்கப் பெயர் கொண்டவர்கள். ஆனால் 25 ஆண்டுகளாக அவர்களில் ஒருவர்கூட ஜூரியில் அமர்ந்ததில்லை.

மெக்சிகோ வம்சாவளியினரும் வெள்ளையரே. ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையரே. எனவே பாகுபாடு நடக்கவில்லை என்றது மாநில அரசு. ஆனால் அந்த நீதிமன்ற வளாகத்திலேயே ஆண்களுக்கு இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்றில் எந்தக் குறிப்பும் இல்லை. மற்றொன்றில் 'கறுப்பின ஆண்கள்' என்று ஆங்கிலத்திலும், 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானியத்திலும் எழுதியிருந்தது. காகிதத்தில் வெள்ளையராக இருந்தவர் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பலகை சொல்லிவிட்டது.

வழக்கறிஞர்கள் கஸ் கார்சியாவும் கார்லோஸ் கடேனாவும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினர். 1954 மே 3 அன்று, தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு தண்டனையை ரத்து செய்தது. ஒரு சமூகம் தனியே ஒதுக்கப்படுகிறதா என்பதை அந்த ஊர் அவர்களை நடத்தும் முறையைக் கொண்டே அறிய வேண்டும் என்றும், சட்டத்தின் சமப் பாதுகாப்பு கறுப்பர், வெள்ளையர் என்ற இரு பிரிவுகளோடு முடிவதில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கிய பிரவுன் வழக்கின் தீர்ப்பு இதற்கு 2 வாரங்களுக்குப் பின்னரே வந்தது. ஹெர்னாண்டஸ் மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

மொழியின் பெயரால்

நியூயார்க் வழக்கு ஒன்றில், ஸ்பானியம் அறிந்த லத்தீனோக்களை அரசு வழக்கறிஞர் ஜூரியிலிருந்து விலக்கினார். சாட்சியத்தை நேரடியாகப் புரிந்துகொள்ளும் இவர்கள் மொழிபெயர்ப்பாளரின் கூற்றை ஏற்பார்களா என்பது ஐயம் என்றார். 1991இல் உச்ச நீதிமன்றம் இதனை இனச்சார்பற்ற காரணமாக ஏற்றது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே மொழியைக் காட்டி ஒரு சமூகத்தை விலக்க முடியும் என்பதற்கு, இக்கோட்பாட்டாளர்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர்.

விமர்சனங்கள்

கறுப்பினத்தவரான லத்தீனோக்கள், பூர்வகுடியினர், வெள்ளை நிறத்தவர் ஆகியோரை ஒரே பெயரில் அடக்குவது அவர்களிடையே உள்ள வேறுபாடுகளை மறைக்கும் என்பது ஒரு விமர்சனம். இருமைப் பார்வையைக் கைவிட்டால் கறுப்பினத்தவருக்கு எதிரான அடிமைமுறை வரலாற்றின் தனித்தன்மை மங்கிவிடும் என்பது மற்றொன்று. சொந்த அனுபவக் கதைகளைச் சான்றாகக் கொள்வதையும் சில சட்ட அறிஞர்கள் ஏற்பதில்லை. எனினும், ஒருவரைச் சட்டம் எப்படி அழைக்கிறது என்பதோடு, ஊர் அவரை எங்கே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை இக்கோட்பாடு சட்ட ஆய்வில் வலுப்படுத்தியது.