சாவி யார் கையில்?

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: ‘கைது செய்யப்பட்ட பெண் புழல் சிறையில் அடைக்கப்பட்டார்.’ டீயைக் குடித்துக்கொண்டே அந்த வரியைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு பெண்ணைத் தனியாக, பத்திரமாக வைப்பதற்கு மதில் மட்டும் போதாது என்பது விளங்கும்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்மேல் வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கைது. பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால், பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் காரணம் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உடல் சோதனையைப் பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதிகள் தொடர்கின்றன.

அடுத்தது லாக்கப். அச்சப்பட வேண்டிய இடம் இதுதான். சிறையில் ரிஜிஸ்டர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், சுற்றிலும் மற்ற பெண்கள் இருக்கிறார்கள். ஸ்டேஷனில் இரவு நேரத்தில் அவள் ஒருத்தி மட்டுமே இருக்கக்கூடும். பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசினார். அவர்களில் 5 பேர் போலீஸ் லாக்கப்பில் தாங்கள் தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு 1983-இல் தீர்ப்புச் சொன்னது. பெண்களுக்குத் தனி லாக்கப் வேண்டும், காவலுக்குப் பெண் போலீஸ் நிற்க வேண்டும், விசாரிக்கும்போதும் பெண் போலீஸ் கூட இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தப்படும்போது, ‘யாராவது உன்னைத் துன்புறுத்தினார்களா?’ என்று மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும்.

ரிமாண்ட் ஆனபின் சிறை. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஆண் கைதிகளைப் பார்க்கவோ அவர்களோடு பேசவோ வழியில்லாதபடி பெண்களைத் தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ வைக்கச் சொல்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மத்தியச் சிறையிலிருந்து 2006-இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த வளாகத்தில் பெண்களுக்கென்றே தனிச் சிறை இருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய சட்டம் கவலைப்பட்டதெல்லாம் ஆண் கைதியைப் பற்றித்தான். பூட்டைத் திறக்கிற ஆணை என்ன செய்வது? 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 81-ஆவது விதி இதற்குப் பதில் சொல்கிறது. பெண்கள் பகுதிக்குப் பெண்ணே பொறுப்பாளர். எல்லாச் சாவிகளும் அவரிடமே இருக்க வேண்டும். பெண் ஊழியர் துணையில்லாமல் எந்த ஆண் ஊழியரும் உள்ளே வரக் கூடாது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், இரவுப் பணிக்குப் போதிய பெண் வார்டன்கள் இல்லையென்றால் அந்தச் சாவி வேறு கைக்குப் போய்விடும். அதனால்தான் நான் கட்டடத்தைவிட ஆள் நியமனத்தைப் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படித் தனியாக வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த பெண்கள் 23,772 பேர், மொத்தக் கைதிகளில் சுமார் 4 சதவீதம். எண்ணிக்கை குறைவு, அதனால் பெண்கள் சிறைகளும் குறைவு. ஆண் என்றால் பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ உள்ள கிளைச் சிறையில் வைக்க இடமுண்டு. பெண்ணோ புழலுக்குப் போகிறாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். மனு போட்டுப் பார்க்க வரும் கணவருக்கோ அம்மாவுக்கோ ஒரு நாள் கூலி போய்விடும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவள் என்றால் பார்க்க வர ஆளே இருக்காது. அப்படிப்பட்டவளுக்குப் போன் பேசும் வசதியும் வக்கீலும் சலுகையல்ல, பாதுகாப்பின் பகுதி. வெளியே தன்னைக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவள்தான் உள்ளே நடப்பதை வாய்விட்டுச் சொல்வாள்.

குழந்தையை மறக்கக் கூடாது. ஆறு வயது வரை அது தாயோடு இருக்கலாம் என்றும், பால், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. தனியாக வைக்கிறோம் என்று சொல்லி எதையும் குறைத்துக் கொடுக்க முடியாது.

தெரிந்த பெண் யாருக்காவது இந்த நிலை வந்தால் 15100-க்குப் போன் செய்யுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. ஜாமீன் விஷயத்தில் பெண் என்பதையே தனியாகக் கருத்தில் எடுக்கவும் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. எந்த ஸ்டேஷன், காவலுக்கு நின்ற பெண் போலீஸ் யார், எத்தனை மணிக்கு ஆஜர்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்கிற ஆள் இருக்கும் இடத்தில்தான் விதிகள் ஏட்டை விட்டு இறங்கி வேலை செய்யும்.